கூடத்துச் சுவர்



இரண்டு மாதத்துக்கு மேலாக என் காலை வணக்கப் பதிவு வரவில்லை என்று பலரும் விசாரித்திருக்கிறீர்கள். "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று துபாயிலிருந்து ஒருவன் நள்ளிரவில் போன் பண்ணிவிட்டான். ஒன்றும் இல்லையப்பா, நன்றாகத்தான் இருக்கிறேன். போகிக்கு முந்தைய வாரம் வீட்டில் ஒரு சுவரில் கை வைத்தேன். அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிற வாத்தியார்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாயவரத்து வீட்டுக்கு டியூஷன் வந்தவர்களுக்கு அந்தச் சுவரைத் தெரியும். கூடத்தில் மேற்குப் பக்கச் சுவர். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பீர்கள். நான் எதிரே ஸ்டூலில். சுவருக்கு அந்தப் பக்கம் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற அளவு சந்து. அப்பா 1958-ல் கட்டிய வீடு. ஒண்ணரைக்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. சிமென்ட் என்பது அப்போது எங்கள் தெருவுக்கு எட்டாத சாமான்.

அப்பா இருந்தவரை வருஷம் தவறாமல் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பார். கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி வந்து, கொல்லையில் பெரிய பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதிக்கும். நாங்கள் சிறுபிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். பின்னாளில் கால்சியம் ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் வெப்பம் வெளிப்படும் என்று கரும்பலகையில் சமன்பாடு எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பானைதான் கண்ணில் நிற்கும். கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையை எடுத்து அவரே அடிப்பார். மேற்குச் சுவருக்கு மட்டும் எப்போதும் ஒரு பூச்சு கூடுதல். "அந்தச் சுவரு தண்ணி குடிக்கிற சுவருடா" என்பார். நான் வேலைக்குப் போய், கையில் நாலு காசு புரண்டதும் முதலில் செய்த காரியம் வெள்ளையடிப்பதை நிறுத்தி டிஸ்டெம்பர் அடித்ததுதான். வெளிர் நீலம். சட்டையில் ஒட்டாது என்று பெருமை எனக்கு.

2014-ல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் பெரியவளுக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் பத்து நாளில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்போது மேற்குச் சுவரின் வடக்குப் பாதியில், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஓதம் ஏறி, உலகப் படம் மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. உப்பு வேறு பூத்திருந்தது. விரலால் தடவினால் காரை மாவாக உதிரும். கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பார்க்கணும் சார். காரையைக் கொத்தி எடுத்துட்டு ஆறப் போடணும். ரெண்டு மாசம் ஆவும்" என்றார். பத்து நாளில் சம்பந்தி வருகிறார், இவர் இரண்டு மாதம் என்கிறார்.

கடைத்தெருவில் ஒரு கடையில் ஒரே நாளில் முடியும் என்றார்கள். வால்பேப்பர். ஒரு சுருள் 57 சதுர அடி. நம் சுவர் பன்னிரண்டுக்குப் பத்து. டிசைன் பொருந்த வெட்டினால் வீணாகிறது போக மூன்று சுருள் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு பையன்கள் வந்தார்கள். பக்கெட்டில் மாவைக் கரைத்து, தடவி ஒட்டி, சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள். சந்தன நிறத்தில் தங்கக் கொடி ஓடுகிற வால்பேப்பர். மேலே பிளாஸ்டிக் பூச்சு, ஈரத் துணியால் துடைக்கலாம். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்ததும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் "வீட்டை அழகா வச்சிருக்கீங்க" என்றார். நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தத் தங்கக் கொடிதான் பின்னால் ஓடும். கல்யாணம் முடிந்து கொத்தனாரைத் தெருவில் பார்த்தபோது, "ரெண்டு மாசம்னீங்களே, பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

2017-ல் என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன். உள்ளறையிலிருந்து குளியலறைக்கு நடக்க முடியாது என்று அவள் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். எந்த இடத்தில் போட்டால் குளியலறைக்கு எட்டு அடிக்குள் வரும் என்று டேப் வைத்து அளந்து, மேற்குச் சுவரின் வடக்குப் பாதியில், தலைமாடு சுவரை ஒட்டி வரும்படி நானேதான் இழுத்துப் போட்டேன். கால் சரியான பிறகும் காற்றோட்டமாக இருக்கிறது என்று அவள் அங்கேயே படுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் அவளுக்கு இழுப்பு வந்தது. அதற்கு முன்பு அவளுக்கு அப்படி வந்ததே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். டாக்டரிடம் போனோம். தூசி ஒவ்வாமையாக இருக்கலாம் என்று இன்ஹேலர் கொடுத்தார். அடைமழைக் காலத்தில் அதிகமாகும், கோடையில் குறையும், மறுபடி மழை வந்தால் வந்துவிடும்.

ஒருநாள் காலை காபி கொடுக்கும்போது சொன்னாள்: "ஏங்க, இந்தச் சுவத்துலேருந்து ஒரு மக்கல் வாடை வருதுங்க. ராத்திரி ஃபேனை நிறுத்துனா நல்லாத் தெரியுது."

நான் போய் மூக்கை வைத்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷம் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடையும் அம்மோனியாவையும் முகர்ந்த மூக்கு. அதற்கு என்ன தெரியும்? ஆனால் அன்றைக்கு அப்படி யோசிக்கவில்லை. "உனக்குப் பிரமை" என்றேன்.

தூசி, புகை என்று டாக்டர் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவள் வெள்ளிக்கிழமை போடுகிற சாம்பிராணியை நிறுத்தினேன். சமையலறையில் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை என்று தினம் சொல்லிச் சண்டை. கடைசியில் பூனை. எங்கிருந்தோ குட்டியாக வந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் நிறப் பூனை, அவள் கால்மாட்டில்தான் படுக்கும். பூனை முடியால் இழுப்பு வரும் என்று படித்துக் காட்டி, அதை ஒரு கட்டைப் பையில் போட்டு, சீர்காழிப் பக்கம் உறவினர் தோப்பு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கவனித்துப் பாருங்கள், நான் எடுத்ததெல்லாம் அவளுடைய சாமான்கள். நான் ஒட்டவைத்த ஒன்று மட்டும் அப்படியே இருந்தது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. 2022-ல் மழைக்காலத்தில் நாற்பது நாள் அவள் கோவையில் பெரியவள் வீட்டில் இருந்தாள். ஒருநாள்கூட இன்ஹேலரைத் தொடவில்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள் ராத்திரி பழையபடி விசில். "இந்த வீட்டுல என்னவோ இருக்குங்க" என்றாள். பக்கத்தில் இருந்த என் மைத்துனர் உடனே, "நான் அப்பவே சொன்னேன் அத்தான், வாஸ்துப்படி அந்த மூலை சரியில்ல" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். எனக்கு வாஸ்து என்றால் எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். அரை மணி நேரம் அவருக்குப் பாடம் எடுத்தேன். அவர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் அவள் சொன்னது காரணம் இல்லையே, கண்டது. அங்கே இல்லை, இங்கே இருக்கிறது என்று நாற்பது நாள் சோதனை முடிவைக் கையில் கொடுத்தாள். வேறு யாராவது கொடுத்திருந்தால் நோட்டில் எழுதியிருப்பேன்.

சரி, சுவருக்கு வருகிறேன்.

இந்த மார்கழிக் கடைசியில், கட்டில் தலைமாட்டுக்குக் கீழே தங்கக் கொடி உப்பியிருந்ததைப் பார்த்தேன். அழுத்தினால் உள்ளே பொதபொதவென்று இருந்தது. விளிம்பில் நகத்தை விட்டுத் தூக்கினேன். ஒரு முழ அகலத்துக்குக் காகிதம் பிரிந்து வந்தது. அதன் முதுகு முழுக்கக் கறுப்பு. கறுப்பும் கரும்பச்சையும், நடு நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி. அப்போது அந்த வாடை எனக்கே வந்தது. மழையில் நனைந்த கோணிச் சாக்கை ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் வருமே, அந்த வாடை. எட்டு வருஷம் அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி இது இருந்திருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடனே நினைவுக்கு வந்தது எது தெரியுமா? நெப்போலியன்.

என் வேதியியல் வகுப்பில் இருந்த யாரும் அந்தக் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். வருஷா வருஷம் சொல்வேன். ஷீலே என்ற வேதியியலாளர் 1775-ல் தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு பச்சை நிறமியைக் கண்டுபிடித்தார். அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க வால்பேப்பருக்கு அந்தப் பச்சைதான். ஓதம் ஏறிய வீடுகளில், அந்தக் காகிதத்தில் வளர்கிற பூஞ்சை ஆர்சனிக்கை ஒரு நச்சு வாயுவாக மாற்றிவிடுகிறது என்று 1890-களில் கோசியோ என்ற இத்தாலிய மருத்துவர் காட்டினார். செயின்ட் ஹெலனா தீவில் நெப்போலியன் சிறையிருந்த வீட்டின் வால்பேப்பர்த் துண்டு ஒன்றிலும் பின்னாளில் ஆர்சனிக் இருந்தது தெரிந்தது. அதுதான் அவரைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது, வயிற்றுப் புற்றுநோய் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து என்றும் சேர்த்தே சொல்வேன். நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பீர்கள். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்ப செவுருதான் சார் வில்லன்" என்றான். முப்பது வருஷம் சொன்ன கதை. எங்கள் வால்பேப்பரில் ஆர்சனிக் இல்லை, அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் ஓதமும் காகிதமும் பூஞ்சையும் அப்படியே என் கூடத்தில் இருந்தன.

முதலில் ஒரு மாணவனுக்குப் போன் செய்தேன். நுரையீரல் மருத்துவராக இருக்கிறான். படம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அழைத்தான். "சார், முதல்ல அம்மாவை அந்த வீட்டுலேருந்து அனுப்புங்க. அவங்க இருக்கும்போது அதைக் கிழிக்காதீங்க. வித்து எல்லாம் காத்துல பறக்கும். நீங்க என்-95 மாஸ்க் போட்டுக்கிட்டுச் செய்ங்க." இவன் பத்தாம் வகுப்பில் பூஞ்சை பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வியை விட்டுவிட்டு வந்ததற்கு நான் கண்டித்த பையன். அன்று இரவே மனைவியைக் கோவைக்கு ரயில் ஏற்றினேன். காரணம் முழுதாகச் சொல்லவில்லை. "சுவர்ல கொஞ்சம் வேலை" என்றேன்.

ஆள் வைத்துச் செய்திருக்கலாம். சின்னவன் அதைத்தான் சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. எடுபிடிக்குத் தெருக்கோடிப் பையன் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டேன்.

உங்களில் யாராவது இந்த வேலையில் இறங்கினால் உதவும் என்று சொல்கிறேன். முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் போகும். பிளாஸ்டிக் பூச்சு உள்ள வால்பேப்பரில் தண்ணீர் ஊற்றிப் பயன் இல்லை, உள்ளே இறங்காது. மேல் உறையை மட்டும் ஒரு மூலையிலிருந்து சுவரை ஒட்டியே கீழ்நோக்கி இழுத்தால் அது தனியாக உரிந்து வரும். பின்னால் வெள்ளைக் காகிதம் ஒன்று சுவரிலேயே நிற்கும். அதற்குத்தான் வெந்நீர். பாத்திரம் கழுவுகிற திரவம் நாலு சொட்டு விட்டு, ஸ்பான்ஜால் ஒற்றி, பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நான் முதல் நாள் ஐந்து நிமிடத்தில் சுரண்டப் போய், காரையையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டேன். பட்டித் தகட்டைச் சுவரோடு படுக்கப் போட்டுத் தள்ள வேண்டும், நட்டுக் குத்தக் கூடாது. பூஞ்சணம் பிடித்த இடத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்துப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும்.

பசை என்ன பசை என்று ஒரு சந்தேகம் வந்தது. சுரண்டியதைக் கொஞ்சம் சாஸரில் போட்டு, அலமாரியில் கிடந்த டிங்சர் அயோடினை நீர்க்கவைத்து ஒரு சொட்டு விட்டேன். கருநீலம். ஒன்பதாம் வகுப்பில் உருளைக்கிழங்குத் துண்டில் செய்து பார்த்தீர்களே, அதே கருநீலம். ஸ்டார்ச். ஆக, அந்தப் பூஞ்சைக்கு நான் பசையாக மாவும், காகிதமாக செல்லுலோஸும், சந்திலிருந்து தண்ணீரும் கொடுத்து, வெயில் படாமல் பிளாஸ்டிக் போர்வையும் போர்த்தியிருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர் குடிக்கிற தண்ணீரை உள்பக்கமாக மூச்சு விட்டுத் தானே ஆற்றிக்கொள்ளும். அப்பாவின் சுண்ணாம்பு கடும் காரம், அதில் பூஞ்சை வளரவும் வளராது. அந்த மூச்சைத்தான் நான் அடைத்தேன்.

இரண்டாம் நாள் ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. அந்தப் பையன் யாரோ சொன்னார்கள் என்று, காகிதத்தை ஊறவைக்க வினிகரும் பூஞ்சணத்துக்கு பிளீச்சிங் பவுடரும் வாங்கி வந்து, இரண்டையும் ஒரே பக்கெட்டில் கொட்டப் போனான். நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின். கதவை மூடிய அறையில் இரண்டு பேரும் விழுந்திருப்போம். குளோரினை முதன்முதலில் தயாரித்தவரும் அதே ஷீலேதான், 1774-ல். இதை அந்தப் பையனிடம் சொன்னேன். "சார், டீ குடிச்சிட்டு வந்துடட்டுமா?" என்றான்.

போகியன்று காலையில் தெருப் பிள்ளைகள் வந்து, "தாத்தா, அந்தக் குப்பையைக் குடுங்க, எரிச்சிடறோம்" என்று கேட்டார்கள். பழையன கழிதலுக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாதுதான். ஆனால் அந்த மேல் உறை பி.வி.சி. எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். கொடுக்கவில்லை. கிழிந்த பாய் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் தெற்குப் பாதிக்கு வந்தேன். அங்கே ஓதம் இல்லை, காகிதம் கெட்டியாக இருந்தது. ஆனால் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஒரே வரிசையில் ஏழெட்டு இடத்தில் மட்டும் பசையே பிடிக்காமல் கழன்று வந்தது. ஏன் என்று முதலில் புரியவில்லை. துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். பழைய நீல டிஸ்டெம்பரில் உள்ளங்கை அளவில் கறுப்பு வட்டங்கள், வரிசையாக. உங்கள் தலைகள்! நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தடவிய தலைகளைச் சாய்த்து வருஷக்கணக்கில் நீங்கள் போட்ட முத்திரை. எண்ணெயின் மேல் பசை எப்படி நிற்கும்?

அந்த வரிசைக்குக் கீழே பென்சில் கிறுக்கல்களும் இருந்தன. ஒரு இருபடிச் சமன்பாடு, கடைசி வரியில் குறி தப்பு. ஒரு பட்டம். ஒரு மூலையில் சின்ன எழுத்தில் 'பியூரெட் வருது'. எனக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எழுதியவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டால் தண்டனை கிடையாது. 'ரு' எழுதுகிற விதத்தை வைத்து எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அந்தத் தெற்குப் பாதியை நான் தொடப்போவதில்லை.

வடக்குப் பாதியைக் காரை வரை கொத்த வேண்டியதாயிற்று. அதே கொத்தனார்தான் வந்தார். வயதாகிவிட்டது, மகன் கொத்த, இவர் உட்கார்ந்து சொன்னார். சந்துக்குள் போய்ப் பார்த்தால், மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்குகிற குழாயின் முழங்கை உடைந்து, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நேராக அஸ்திவாரத்தில் விழுந்திருக்கிறது. போதாததற்குத் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு உயர்த்திவிட்டதால், சந்தில் தேங்குகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. அப்பா காலத்தில் தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி. இப்போது ஒன்று. முழங்கையை மாற்றினோம், சந்தில் வாட்டம் கொடுத்துத் தண்ணீரைக் கொல்லைப் பக்கம் திருப்பினோம். குழாய்க்கு ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வால்பேப்பர் சுருள் விலைகூட இல்லை.

இனிமேல்தான் சொல்லக் கஷ்டமானது.

போகி சாயங்காலம் மனைவியிடம் வீடியோவில் பேசினேன். சுவரைக் காட்டினேன். ஓரத்தில் கட்டி வைத்திருந்த பைகளில் ஒன்றைப் பிரித்து, அந்தக் கறுப்பு முதுகையும் காட்டினேன். "நீ சொன்ன வாடை இதுதான். நான் உன்னை நம்பலை" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று கேட்பாள் என்று தயாராக இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பூனை எப்படிங்க இருக்கு?" என்றாள்.

அந்தப் பூனை தோப்பு வீட்டில் ஒரு வாரம்கூட இருக்கவில்லை. எங்கோ போய்விட்டது. அங்கிருந்து போன் வந்தபோது அவளிடம் நான் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறது, எலி பிடிக்கிறது, குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். எத்தனை குட்டி என்றுகூட ஒரு தடவை சொன்னேன். அன்றைக்கு உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அந்த வருஷமே உங்க அத்தை மருமக சொல்லிட்டா. நீங்க மூணு குட்டின்னீங்க, சரின்னு விட்டுட்டேன்."

பின்னால் பெரியவள் "அம்மா, குக்கர் விசில்" என்று குரல் கொடுத்தாள். எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் டாக்டர் மாணவனிடம் கேட்டேன். இந்தச் சுவர்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா என்று. அவன் நியாயமானவன். "ஒரு ஆளை வச்சு அப்படி நிரூபிக்க முடியாது சார். ஆனா ஓதமும் பூஞ்சையும் இருக்கிற வீடுகள்ல இழுப்பு அதிகம்ங்கிறது தெரிஞ்ச விஷயம்" என்றான். உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே இதற்கென்று தனியாக வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. அவனே அனுப்பினான், படித்தேன். சாம்பிராணியைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டேன். புகை எப்படியும் அவளுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டான். அதை அவளிடம் சொன்னபோது, "அது ஒண்ணாவது நீங்க சரியாச் சொல்லியிருக்கீங்க" என்றாள். கோவை போனதிலிருந்து இன்ஹேலர் பெட்டியிலேயே இருக்கிறதாம்.

சுவர் இப்போது செங்கல் தெரிய அம்மணமாக நிற்கிறது. ஓர் அங்குல கனம் உலர ஒரு மாதம் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒண்ணரைக்கல் சுவருக்கு வருஷமே தாண்டும். இரண்டு பக்கமும் காற்று படுவதால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஒரு மழைக்காலம் தாண்டிப் பார்த்துவிட்டுத்தான் பூச வேண்டும், சுண்ணாம்புக் காரைதான், சிமென்ட் கூடாது என்கிறார் கொத்தனார். இந்தத் தடவை சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குள் அவள் வந்தால் உள்ளறையில், கிழக்கு ஜன்னல் பக்கம் கட்டில். முழங்காலுக்குக் கைப்பிடிக் குழாய் பொருத்தியாயிற்று.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஈரம் எதுவரை நிற்கிறது என்று செங்கலில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வருகிறேன். முதல் வாரம் மூன்றடி இரண்டங்குலம். போன வாரம் இரண்டடி ஒன்பதங்குலம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் வரும். "இந்த வாரம் எவ்வளவு?" என்பாள். சொல்வேன். "டேப்பு வச்சுப் படம் எடுத்து அனுப்புங்க" என்பாள். அனுப்புகிறேன்.